சாடியில் தெரிந்த வாசல்

எரிவாயு கசிகிறது என்ற பயத்தில்தான் அவருடைய கதவை முதல் தடவை தட்டினேன்.

டென்மார்க்கின் சில்க்போர்க்கில், கொம்யூன் என்கிற நகரசபை எனக்குத் தந்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. மகனுக்கு அப்போது ஒரு வயதும் ஆகவில்லை. ஒருநாள் காலை படிக்கட்டு வழியே ஒரு நெடி ஏறி வந்தது. மூக்கைக் குத்தியது, எண்ணெய் வாசமும் அதில் கலந்திருந்தது. யன்னலைத் திறந்தால் குளிர், பூட்டினால் நெடி. இரண்டுமே பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. திறந்தேன், பூட்டினேன், மறுபடி திறந்தேன். பிறகு பிள்ளையைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நெடி வந்த வழியே இறங்கினேன். கீழ்த்தளத்தில் ஒரு கதவில் அது முடிந்தது.

கதவைத் திறந்தவர் மிக உயரமான, மெலிந்த கிழவர். வாயில் ஒரு தூரிகையைக் குறுக்காகக் கவ்வியிருந்தார். மொழிப் பள்ளியில் புதிதாகப் படித்த டேனிஷில், "நெருப்பா?" என்று கேட்டேன். தூரிகையை எடுத்துவிட்டு, "இல்லை. டர்ப்பன்டைன்" என்றார். உள்ளே போகக் காலெடுத்தபோது விரலால் தரையைக் காட்டினார். வாசலுக்குச் சற்று உள்ளே சோக்கால் ஒரு கோடு கீறியிருந்தது.

"இதைத் தாண்ட வேண்டாம். தரைப் பலகை அசையும். மேசையும் அசையும்."

கோட்டுக்கு அப்பால் ஒரு மேசை. அதில் வெள்ளைத் துணி ஒன்று கசங்கிக் கிடந்தது. துணியின்மேல் பெரிய வயிறுடைய வெள்ளீயச் சாடி, பச்சைக் கண்ணாடிக் கிண்ணம், உடைத்த வால்நட் கோதுகள், பாதி தோல் சீவிய எலுமிச்சம்பழம். சீவிய தோல் சுருளாக மேசையின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. மேசைக்கும் எனக்கும் நடுவில் அவருடைய கதிரையும் கன்வஸும். கன்வஸிலும் அதே எலுமிச்சம்பழம் இருந்தது. பார்த்ததும் என் வாயில் எச்சில் ஊறியது.

அவர் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், என்று அன்றே தெரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாக மனப்பாடம் செய்து சோதனை எழுதியவள் நான். அந்த வரிசையின் நடுவில் இருந்தவர்களில் ஒருவர், கம்பளிச் சப்பாத்து போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"உங்கள் ஆட்கள் எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு கோட்டை கட்டினார்கள்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னும் நிற்கிறதா?"

"நிற்கிறது. இப்போது உள்ளே ஆமிக்காரர் இருக்கிறார்கள்."

"ஓ" என்றார். மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாதவரைப் போலத் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மகன் அழாமல் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் அழாமல் இருந்த நேரம் அது மட்டும்தான்.

அதன்பிறகு அடிக்கடி போனேன். வயதானவரைத் தொந்தரவு செய்கிறேனோ என்று ஒவ்வொரு முறையும் படியில் நின்று யோசித்துவிட்டுத்தான் போனேன். டர்ப்பன்டைன் காற்று பிள்ளைக்குக் கூடாது என்று மொழிப் பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆகவே கதவைத் திறந்து வைத்து, வாசலிலேயே நிற்பேன். அவருடைய டேனிஷும் அரைகுறை. எத்தனையோ வருடங்கள் இருந்தும் தொண்டையில் கரகரக்கும். அதனால் எங்கள் கதை எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான்.

அவரிடம் ஒரேயொரு பிடிவாதம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் கீறுவார். நினைவிலிருந்து ஒரு கோடுகூடப் போடமாட்டார். எலுமிச்சம்பழம் காயத் தொடங்குமுன் அதைத்தான் முதலில் கீறவேண்டும். துணியும் சாடியும் காத்திருக்கும் என்பார். டென்மார்க்கின் மாரிக் குளிரில் அவருக்குப் பிடித்த வெளிச்சம் நடுப்பகலில் கொஞ்ச நேரம்தான் வரும். அது போனதும் தூரிகையை வைத்துவிடுவார். பாதி கீறிய கோது மறுநாள் வரை பாதியாகவே இருக்கும்.

"விளக்குப் போடலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வேறு மேசை" என்றார்.

ஒரு தைப்பொங்கலுக்கு உளுந்து வடை சுட்டு, தட்டில் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். சில நாள் கழித்துப் போனபோது அந்த வடைகள் மேசையில் இருந்தன. காய்ந்து, ஓரம் கறுத்து, வெள்ளீயத் தட்டொன்றில் சாய்ந்து கிடந்தன. அவர் ஒரு வடையின் ஓட்டையைக் கீறிக்கொண்டிருந்தார். ஒன்றையும் கடித்திருக்கவில்லை.

எனக்கு முகம் எரிந்தது. மேலே வந்துவிட்டேன். எண்ணெய் மணத்ததோ, என் கைச் சுத்தத்தில் சந்தேகமோ, வயதான பல்லுக்கு நான்தான் யோசிக்காமல் கொடுத்தேனோ என்று இரண்டு நாள் அதையே உருட்டினேன். பக்கத்து ஊரான இக்காஸ்டில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்த சறோ அக்கா சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருவா. அந்த நாட்களில் எனக்கிருந்த சொந்தம் அவ மட்டும்தான். அவவிடம் சொன்னேன்.

"கடிக்கேலாமல்தான் மனுசன் படம் கீறியிருக்கு" என்றா சறோ அக்கா. "உன்ரை வடையைக் கோட்டை மதிலுக்கு வச்சிருந்தால் இன்னும் உறுதியா நிண்டிருக்கும்."

"பகிடி விடாதேங்கோ அக்கா. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"விசர் பிள்ளை. தின்னுற சாமானைத் தின்னாமல் மூண்டு நாள் பாத்துக்கொண்டிருக்கிறவனை விட ஆர் உன்ரை வடையை மதிச்சவை? என்ரை மனுசன் பாக்காமலே விழுங்கும்."

பிறகு அவரிடமே கேட்டேன். "சாப்பிட்டால் ஒரு நிமிடம்" என்றார், வடையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் சாப்பிடுவதை நான் கண்டதும் உண்டு. வீட்டில் ஒரு மேசைதான். அது அவர் கீறும் பொருட்களுக்குரியது. அவர் குசினித் தொட்டியின் ஓரத்தில் நின்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, பாண் துண்டைக் கடிப்பார். முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்புவார். நானும் மேலே அப்படித்தான் சாப்பிட்டேன், பிள்ளை விழித்துவிடுவானோ என்று நின்றபடி.

எனக்கு இன்னொரு பிள்ளை இருந்தாள். மூத்தவள். யாழ்ப்பாணத்தில் தகப்பனோடு இருந்தாள். நான் புறப்பட்டபோது அவளுக்கு மூன்று வயது. "பாலுக்கு அழுறதை நீர் கொண்டு போம். இவள் என்னோடை நிப்பாள். கொஞ்ச மாதத்திலை வாறம்தானே" என்றார் கணவர். அது சரியான யோசனையாகத்தான் அப்போது இருந்தது. இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் அவர்கள் இருவரையும் கூப்பிட விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. கொஞ்ச மாதம் வருடமானது. சறோ அக்கா சனிக்கிழமைகளில் செய்தி கொண்டுவருவா: "ஒருத்தற்றை குடும்பமும் வரேல்லையாம். எங்கடை ஆக்களின்ரை விண்ணப்பங்களை எடுத்து ஒருபக்கம் வச்சிருக்கினமாம்." அப்படிச் செய்வார்களா, முறையான நாடல்லவா, நான்தான் எங்கோ பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். அமைச்சிலேயே வேண்டுமென்றுதான் ஒதுக்கி வைத்தார்கள் என்பது பிறகு விசாரணை நடந்து, பத்திரிகைகள் 'தமிழ் வழக்கு' என்று எழுதியபோதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் பிழை என்னுடையது என்றே இருந்தேன்.

இரண்டு முறை குரல் பதிந்த கசெற் வந்தது. முதல் கசெற்றில் மகள், "அம்மா, எப்ப வாறீங்கள்?" என்று அழுதாள். இரண்டாவதில் ஒரு தேவாரம் பாடினாள். குரல் மாறியிருந்தது. பிழையில்லாமல் பாடினாள். எனக்கு முதலாவதுதான் வேண்டியிருந்தது.

இரண்டாவது கசெற் வந்த மாரியில் கிழவரைக் கண் சத்திரசிகிச்சைக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகுமுன் என்னிடம் வீட்டுத் திறப்பைத் தந்தார். "யன்னலை ஒரு நாளுக்கு ஒரு தடவை திறக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை."

வேறு ஒன்றும் இல்லை என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் மேசையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை நான் பார்த்தேன். தோல் கறுத்து, வெட்டிய இடத்தில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் வெட்டிய தேசிக்காய் அப்படிக் கிடக்கவிடமாட்டோம். கண்பட்டதற்கு நாவூறு கழித்ததென்றால் உடனே சந்தியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். வீட்டுக்காரர் கண் வெட்டக் கிடக்கிறார். அவருடைய மேசையில் வெட்டிய பழம் அழுகிக் கிடக்கிறது. இது மூடநம்பிக்கை என்று படித்த மனது சொன்னது. ஏன் வீண் வம்பு என்று மற்ற மனது சொன்னது. இரண்டாவதைக் கேட்டேன்.

சோக்குக் கோட்டைத் தாண்டி, பெருவிரலில் நடந்து, பழத்தைக் கடதாசியில் சுற்றி எடுத்தேன். சைக்கிள் பாதையும் தெருவும் சந்திக்கிற மூலையில் யாரும் பார்க்காதபோது போட்டேன். ஒரு டேனிஷ் மனிசி நாயோடு வந்தா. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கடையில் ஒரு நல்ல எலுமிச்சம்பழம் தேடி, அதே அளவு சீவி, கன்வஸைப் பார்த்துப் பார்த்து அதே வளைவில் தோலைத் தொங்கவிட்டேன். உண்மையில் பழையதைவிட வடிவாக இருந்தது.

அவர் ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். போட்டிருந்த குளிர்க் கோட்டைக் கழற்றவில்லை. கதிரையில் இருந்து மேசையைப் பார்த்தார். நான் வாசலில் பிள்ளையோடு நின்றேன், பாராட்டு வரும் என்றுகூட நினைத்தேன்.

"இது வேறு எலுமிச்சம்பழம்" என்றார்.

"ஓம். பழையது அழுகிவிட்டது. அதேமாதிரி வைத்திருக்கிறேன்."

"நல்ல பழம். ஆனால் இதை எனக்குத் தெரியாது."

கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நெடுநேரம் இருந்துவிட்டு எழுந்து, முக்கால்வாசி முடிந்த அந்தக் கன்வஸைச் சுவரோடு முகம் திருப்பி வைத்தார். புதிதாக ஒன்றை எடுத்து நிறுத்தினார்.

"மிச்சத்தை முடிக்கேலாதா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். பதறினால் எனக்குத் தமிழ்தான் வரும். அவருக்கு எப்படியோ விளங்கியது.

"இல்லை. முதலிலிருந்து."

அன்று நான் மேலே வந்து மகளின் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்ரூடியோவில் எடுத்தது. பவுடர் அப்பி, கன்னத்தில் பொட்டு வைத்து, கமெராவுக்குப் பயந்த மூன்று வயது முகம். அந்த முகம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

புதிய எலுமிச்சம்பழத்தின் படம் வேகமாக வளர்ந்தது. ஒருநாள் அவர் உருப்பெருக்கும் கண்ணாடியைக் கையில் தந்து, முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டி வரச் சொன்னார். கன்வஸிலிருந்த சாடியின் வயிற்றைக் காட்டினார். வளைந்த வெள்ளீயத்தில் அறை முழுவதும் சுருங்கித் தெரிந்தது. இடது பக்கம் யன்னல். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி; அது கதிரையில் இருக்கும் அவர். அதற்குப் பின்னால் வெளிச்சமான ஒரு கீற்று, திறந்த வாசல். வாசலில் பச்சையாக ஒரு துளி, அதன் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒரு துளி. என்னுடைய பச்சைக் கம்பளிச் சட்டை. இடுப்பில் மகன்.

"நீ அங்கே நின்றாய்" என்றார்.

சுவரோரம் அடுக்கியிருந்த பழைய படங்களை அவரே இழுத்து இழுத்துக் காட்டினார். எல்லாச் சாடிகளிலும் ஒரு கறுத்தப் புள்ளி மட்டும், பின்னால் பூட்டிய கதவு. ஒன்றில் மட்டும் கதவு திறந்திருந்தது. அதில் மஞ்சளாக ஒரு தீற்றல், ஈரச் சாயத்தில் விரல் பட்டதுபோல.

"மனைவி" என்றார். "நிற்கமாட்டாள். கடந்து போனாள்."

அந்த மனிசிக்காகத்தான் அவர் இந்த நாட்டுக்கு வந்தாராம். அவவை வேறு படத்தில் ஏன் கீறவில்லை என்று கேட்டேன். "பிறகு அசையாமல் கிடந்தாள்" என்றார். "அப்போது எனக்கு விருப்பம் இல்லை." படங்களைத் திரும்ப அடுக்கினார்.

மறுநாள் மகளின் படத்தைக் கொண்டுபோனேன். போகலாமா வேண்டாமா என்று படியில் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றேன். சாடியில் என் பக்கத்தில் ஒரு துளி, அவ்வளவுதான் கேட்டேன். முகம் வேண்டாம், கை கால் வேண்டாம். ஒரு துளி சிவப்பு. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும்.

அவர் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். யன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒருவரும் அந்தப் படத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு விரல் படாமல் ஓரத்தில் பிடித்துத் திருப்பித் தந்தார்.

"அவள் இங்கே நிற்கவில்லை."

"ஒரு துளிதானே."

"நிற்கவில்லை" என்றார் மறுபடி. குரல் தாழ்ந்திருந்தது.

நான் பிறகு பல வாரங்கள் கீழே போகவில்லை. சறோ அக்கா, "அந்தக் கிழடுக்குக் கல்மனசு. நானெண்டால் ஒரு குடும்பத்தையே கீறிக் குடுத்திருப்பன்" என்றா. எனக்கு அவர்மேல் கோபமா, அவர் சொன்னது உண்மை என்பதுமேல் கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. குப்பை கொட்டப் போகும்போது அவருடைய யன்னலைக் கடக்கவேண்டும். ஒருநாள் நடுப்பகல் வெளிச்சத்தில் அவர் வேலை செய்யாமல், கதிரையைத் திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்து கிடந்தது. அன்று பின்னேரம் மகனோடு போய்க் கோட்டில் நின்றேன். அவர் கதிரையை மேசைப் பக்கம் திருப்பினார். நாங்கள் இருவரும் நின்ற படத்தைப் பிறகு ஒல்லாந்திலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். நானும் மகனும் ஒரு சாடியில் எங்கோ நிற்கிறோம்.

அமைச்சர் மாறினார். விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. மூன்று வருடம் முடிகிற சமயம் கணவரும் மகளும் வந்து இறங்கினார்கள். நான் சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அளவை யோசித்து யோசித்து, இரண்டு தரம் மாற்றி வாங்கியது. அதன் கை அவளுடைய மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இவவோ அம்மா?"

"ஓமடி பிள்ளை. போ, கொஞ்சு" என்றார் அவர்.

வந்து கொஞ்சினாள். சொன்னதைச் செய்கிற பிள்ளையாக வளர்த்திருந்தார். கொஞ்சிவிட்டுத் தகப்பனின் காலோடு போய் ஒட்டிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் நான் அந்தப் பவுடர் பூசிய முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். இரவில் அவளைத் தூங்கவைக்கப் போனால் மரியாதையாக, "நீங்கள் போய்ப் படுங்கோ, நான் அப்பாவோடை படுக்கிறன்" என்பாள். கிழவரைப் போலவே, 'இதை எனக்குத் தெரியாது' என்று ஒரு கணம் நினைத்துவிட்டுப் பயந்துபோனேன்.

அந்த வாரமே எல்லோரையும் கீழே கூட்டிப்போனேன். கிழவர் எழுந்து கணவருக்குக் கை கொடுத்தார். மகளைப் பார்த்துத் தலை குனிந்தார், பெரிய மனுசிக்குச் செய்வதுபோல. பிறகு கதிரையில் இருந்து சாடியைப் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நில்லுங்கள்" என்றார்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு விளங்கியது. நான் வாசலின் ஒரு ஓரத்தில் மகனோடு நின்றேன். கணவரும் மகளும் மற்ற ஓரத்தில், கதவுநிலையோடு. அந்தச் சிவப்புக் கோட்டோடு அவள் தகப்பனின் கையைப் பிடித்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இன்னும் ஒருவர் நிற்கலாம். நான் மெல்ல அவளை என் பக்கம் இழுக்கக் கையை நீட்டினேன்.

"வேண்டாம்" என்றார், சாடியைப் பார்த்தபடியே. "அப்படியே."

"ஏன், என்னவாம்?" என்று கணவர் மெல்லிய குரலில் கேட்டார்.

"அசைய வேண்டாமாம்."

"இவர் ஆரப்பா, வாத்தியாரோ?"

கை நடுங்கியது அவருக்கு. ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கன்வஸில் ஒரு தரம் தொட்டார். பிறகு இன்னொரு தரம். அவ்வளவுதான்.

அடுத்த நாட்களிலும் நடுப்பகலில் போய் நின்றோம், அவர் கேட்காமலே. அவர் பழத்தையும் துணியையும் கீறிக்கொண்டிருந்தார். ஒருநாள் கணவர் மொழிப் பள்ளிக்குப் போயிருந்தார். மகள் என்னோடு தனியாக வந்தாள். அறைக்குள் ஏதோ சரிந்து விழுந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டு, என்னுடைய சட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்ததை விடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்போது கீறுங்கள்" என்றேன். "தயவுசெய்து. இப்போது."

அவர் சாடியைப் பார்த்தார். பார்த்தார் என்பது எனக்கு நிச்சயம். அவருடைய தோள் மெல்ல இறங்கியது.

"அது அடுத்த படம்" என்றார்.

அடுத்த படம் வரவில்லை. மற்றக் கண்ணும் மங்கியது. ஒல்லாந்திலிருந்து தங்கை வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனா. போகும் நாளில் அந்தப் படத்தைப் பழைய துணியில் சுற்றி எங்கள் வாசலில் சாய்த்து வைத்திருந்தார். மூன்று மாடி ஏறி வந்தவர் கதவைத் தட்டவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். கீழே நான் ஓடிப்போனபோது அறை காலி. தரையில் சோக்குக் கோடு மட்டும் இருந்தது.

படம் இப்போது எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிற சனம் எலுமிச்சம்பழத்தைத்தான் பார்க்கும். "தொட்டால் கை புளிக்கும் போல கிடக்கு" என்று சறோ அக்கா ஒவ்வொரு முறையும் சொல்லுவா. சாடியை நான் யாருக்கும் காட்டியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. என் உயரத்துக்கு வந்துவிட்டாள். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அதால் பார்த்து முடித்துக் கடைசியில் படத்துக்கு வந்தாள். நான் சோபாவில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, சோபாவின் பின்னால் நின்று குனிந்து, விரலால் காட்டினாள். அந்தச் சிவப்புப் புள்ளி நானா என்று டேனிஷில் கேட்டாள்.

"ஓம். அது நீதான்."

அப்படியானால் நான் ஏன் அம்மாவிடமிருந்து இவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று கேட்டாள்.

வேறு பதில் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். சின்ன இடம், அவருக்குக் கண் தெரியாது, கை நடுங்கியது.

"அண்டைக்கு நீ அங்கைதான் நிண்டனி" என்றேன்.

கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்து அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாகாகப் பார்ப்பதற்காக நாடியை என் தோளில் ஊன்றியிருந்தாள். நான் அசையாமல் இருந்தேன்.